எந்த ஸ்லக் என்று துப்பாக்கியைத்தான் கேட்க வேண்டும்

தம்பி, கிரீன் கார்டு வந்ததும் 20 கேஜ் (குழல் அளவு) ஷாட்கன் ஒன்று வாங்கிவிட்டேன், மான் வேட்டை சீசனுக்கு எந்த ஸ்லக் (சிறு ரவைகளுக்குப் பதில் ஒற்றைக் குண்டு உள்ள தோட்டா) நல்லது, கடையில் அடுக்கியிருப்பதைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் பக்கம் பதினாறு வருடமாக இருக்கிறேன். ஒரு பிராண்ட் பெயரைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அப்படி ஒருவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் ஒரு மானை வீணாகக் காயப்படுத்தினேன்.

அது என் முதல் சீசன். நண்பருடைய துப்பாக்கியும் என்னுடையதும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். அவருக்கு அருமையாகச் சுட்ட தோட்டா டப்பாவையே நானும் வாங்கினேன். 25 கெஜத்தில் இரண்டு குண்டு சுட்டுப் பார்த்துவிட்டுக் காட்டுக்குப் போனேன். எழுபது கெஜத்தில் நின்ற பெட்டை மான், சுட்டதும் முதுகை வளைத்துக்கொண்டு ஓடியது. ஓக் இலைகளின் மேல் நான்கு சொட்டு ரத்தம், சோயா அறுத்த வயலோரத்தில் இன்னொன்று, அதோடு சரி. ராத்திரி பத்து மணி வரை டார்ச் அடித்துத் தேடினோம், விடிந்ததும் தேடினோம். கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அதே தோட்டாவை 50 கெஜத்தில் மூன்று சுட்டால், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறியிருந்தது. வேறொரு கம்பெனித் தோட்டா, அதே துப்பாக்கியில், இரண்டு அங்குலத்துக்குள் உட்கார்ந்தது. பேரலின் (குழலின்) உள்ளளவு, உள்ளே ஓடும் வரியின் முறுக்கு, சுடும்போது அது அதிரும் விதம் எல்லாம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும்.

முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, பேரலைக் கழற்றி வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். சுருளாக வரி ஓடினால் உங்களுக்கு சேபோ ஸ்லக், அதாவது பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் குண்டு; அந்த வரிதான் அதைச் சுழற்றி நேராக அனுப்பும். வழவழவென்றிருந்தால் ஃபாஸ்டர் ஸ்லக். கார்ல் ஃபாஸ்டர் 1931இல் வடிவமைத்தது அது. இறகுப்பந்து போலத் தலை கனம், பின்பக்கம் குழி, அதனால் நேராகப் போகும். அதன் உடம்பில் இருக்கும் வரிகள் அதைச் சுழற்றுவதற்கல்ல, சோக்கில் (பேரல் நுனியில் குறுகும் இடத்தில்) நசுங்கிப் போவதற்கு. வழவழப்பான பேரலில் சேபோ போட்டால் சுழற்சி கிடைக்காமல் குட்டிக்கரணம் அடிக்கும், காசும் போகும்.

உங்கள் பேரலுக்குப் பொருந்துவதில் மூன்று நான்கு வகை, ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா வாங்குங்கள். ஐந்துதான் இருக்கும், விலை வலிக்கும், இருந்தாலும் வாங்குங்கள். ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) மேசையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் மணல் மூட்டை வையுங்கள். முன் மூட்டை மரப்பிடிக்கு அடியில் இருக்கட்டும், பேரலுக்கு அடியில் வேண்டாம். 25 கெஜத்தில் தாளில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு 50க்குப் போங்கள். (25இல் துளைக்குப் பக்கத்தில் தாள் கிழிந்திருந்தால் பதற வேண்டாம், அது சேபோவின் பிளாஸ்டிக் உறை மோதிய தடம்.)

ஒரு வகைக்கு மூன்று குண்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவே பேரலைக் கையால் பிடித்துப் பாருங்கள், சூடு தெரிந்தால் காத்திருங்கள். வகை மாற்றும்போது பேரலைத் துடையுங்கள். துடைத்ததும் சுடும் முதல் குண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முக்கியமாக, நடுவில் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) திருகாதீர்கள். குண்டுகள் தாளில் எங்கே விழுகின்றன என்பது இப்போது முக்கியமில்லை, எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதுதான் முக்கியம். இடத்தைப் பிறகு திருத்தலாம். பெரும்பாலான ஸ்கோப்பில் திருகை ஒரு கிளிக் திருப்பினால் குண்டு விழும் இடம் நகர்வது 100 கெஜத்தில் கால் அங்குலம், 50இல் அதில் பாதி. 50இல் இரண்டு அங்குலம் நகர்த்தப் பதினாறு கிளிக்.

சுடும்போது துப்பாக்கி தோளில் உதைக்கும் உதையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பத்துப் பதினைந்து குண்டுக்குப் பிறகு தோள் தானாகவே பின்வாங்கும், கண் மூடும். அப்புறம் சுடுவதெல்லாம் துப்பாக்கியைப் பற்றி எதையும் சொல்லாது. மூட்டை கட்டிவிட்டு இன்னொரு நாள் வாருங்கள்.

தேர்ந்தெடுத்ததை 100 கெஜத்திலும் சுட்டுப் பாருங்கள். மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ எட்டு அங்குலம். மூன்றும் அதற்குள் விழவில்லை என்றால் உங்கள் எல்லை 75 கெஜம், அவ்வளவுதான். எத்தனை பெரிய கொம்பு நின்றாலும் அதற்கு மேல் சுடக் கூடாது. பிறகு அதே லாட் எண் (ஒரே தடவையில் தயாரித்தவற்றின் எண்) உள்ள டப்பாக்களாக இன்னும் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் குளிரில், காட்டுக்குப் போடும் அதே தடித்த ஜாக்கெட்டோடு ஒரு முறை சுட்டுப் பாருங்கள். ஜாக்கெட் தடிமனில் தோளும் கன்னமும் பதியும் இடம் மாறும்.

இதைப் படிக்கும் எச்1பி (வேலை விசா), எஃப்1 (மாணவர் விசா) தம்பிகளுக்கு: அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி உங்கள் விசாவில் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதும் பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. வக்கீலிடம் கேட்காமல் கையால் தொடாதீர்கள்.

தம்பி, இங்கே துப்பாக்கி சீசன் தேங்க்ஸ்கிவிங் முடிந்த திங்கட்கிழமை தொடங்கும். அதற்குள் ஹன்டர் எஜுகேஷன் (வேட்டைப் பயிற்சி) வகுப்பை முடித்துவிடுங்கள். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஒஹாயோவிலேயே இருக்கும் டெலவேர் வனவிலங்குப் பகுதி ரேஞ்சுக்கு நானும் வருகிறேன், ரேஞ்ச் பெர்மிட் எடுத்துக்கொண்டு வாருங்கள். மணல் மூட்டை என்னிடம் இருக்கிறது. காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.