கடைசிவரை ஊசிதானா?

வணக்கம் சார். உங்கள் கடிதத்தில் ஒரு வரியை அடிக்கோடிட்டே எழுதியிருந்தீர்கள்: "நர்சிங் படித்தால் கடைசிவரை ஊசி போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதானா?" மகள் பிடிவாதமாக நிற்கிறாள், உங்களுக்கு மனம் ஒப்பவில்லை. பெற்றவர் கேட்க வேண்டிய கேள்விதான்.

அந்த ஊசியிலிருந்தே தொடங்குகிறேன். 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று டாக்டர் எழுதுகிறார். டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? ஏறத்தாழ 42. நர்ஸ் அந்தக் கணக்கைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ணிச் சரிசெய்கிறார். அதோடு முடிந்துவிடாது. படுத்திருப்பவருக்கு இதயம் பலவீனம் என்றால், இந்த வேகத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளுமே என்று யோசித்து, டாக்டரிடம் கேட்கவும் வேண்டும். ஊசி குத்தக் கை சில வாரங்களில் பழகிவிடும். கேட்கத் தெரிவதற்குத்தான் இத்தனை வருடப் படிப்பு.

மூச்சு எண்ணுவதும் அப்படித்தான். நோயாளி மோசமாகப் போகிறார் என்பதைப் பல சமயம் பிபி இறங்குவதற்கு முன்பே மூச்சு வேகம் காட்டிக்கொடுத்துவிடும். அதை ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். வார்டில் எல்லாருடைய சார்ட்டிலும் 18, 20 என்றே வரிசையாக இருந்தால், யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். எண்ணாமல் எழுதக்கூடாது என்ற பழக்கம் கல்லூரி நாட்களிலேயே வர வேண்டும். பிறகு வருவது கடினம்.

அதனால்தான் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன். டிப்ளமோவா, டிகிரியா என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. முடிந்தால் டிகிரி, மேற்படிப்புக்கும் வெளிநாட்டுக்கும் அது கதவைத் திறந்து வைக்கும். படிப்புக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்பதைக் கவுன்சிலிலேயே சரிபாருங்கள். அங்கீகாரம் இல்லையென்றால் பதிவு கிடையாது. பதிவு இல்லாமல் வேலையும் இல்லை.

உண்மையான கேள்வி, உங்கள் மகள் எத்தனை மணி நேரம் நோயாளியின் பக்கத்தில் நிற்பாள் என்பதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொது நர்சிங் பயிற்சி என்றால் குறைந்தது 3 வருடம், 4,600 மணி நேரம்; அதில் பாதியாவது நேரடி மருத்துவப் பயிற்சி. இதை அளவுகோலாக வைத்துக்கொண்டு கேளுங்கள். போஸ்டிங் எந்தெந்த வார்டில்? ஒரு படுக்கையைச் சுற்றி எத்தனை மாணவிகள்? கூடவே ஆசிரியர் வருவாரா, அல்லது வார்டு சிஸ்டர் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவாரா? ஊசி போட்டுப் பழகும் பொம்மைகளோடு பளபளக்கும் லேபைக் காட்டுவார்கள். பொம்மைக்கு நரம்பு நழுவாது, பயமும் கிடையாது.

படித்து முடித்ததும் ஒன்று, இரண்டு வருடம் பொது வார்டு. எடுத்த எடுப்பில் ஐசியு வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். என்னிடம் வந்த ஒரு பெண் அப்படித்தான் சேர்ந்தாள். வென்டிலேட்டர் பற்றி மணிக்கணக்கில் பேசுவாள். வார்டுக்கு மாற்றியபோது 8 நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் அழுதுவிட்டாள். புதியவர்களுக்கு மாதக்கணக்கில் மூத்த நர்ஸ் ஒருவரைத் துணைக்கு விடும் ஐசியு என்றால் தாராளமாகப் போகலாம்.

அங்கிருந்து பாதைகள் பிரியும். ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ், பச்சிளங்குழந்தைப் பிரிவு, புற்றுநோய், அவசர சிகிச்சை, தொற்றுத் தடுப்பு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி உண்டு. இன்னும் மேலே போனால் நர்ஸ் பிராக்டிஷனர். 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்சும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சி அது. இன்று அங்கே பல மாநிலங்களில் இவர்கள் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலே நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுகிறார்கள். கற்பித்தல், ஆராய்ச்சி, மருத்துவமனைக் கணினிப் பதிவுகள் என்று வேறு கிளைகளும் இருக்கின்றன. நிர்வாகமும் ஒரு வழிதான். ஆனால் அருமையான நர்ஸைத் தூக்கி டியூட்டி லிஸ்ட் போட உட்காரவைத்துவிட்டு அதைப் பதவி உயர்வு என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வெளிநாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ், அதாவது நர்ஸாக உரிமம் பெற எழுதும் தேர்வு: 85 முதல் 150 கேள்விகள், அதிகபட்சம் 5 மணி நேரம். விடைக்கு ஏற்ப அடுத்த கேள்வியைக் கணினியே தேர்ந்தெடுக்கும். பிரிட்டனுக்குக் கணினித் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. ஜெர்மனியில் பொதுவாக பி2 அளவு, அதாவது தடையின்றிப் பேசிப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஜெர்மன் மொழி கேட்பார்கள். ஏஜெண்டிடம் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிடாதீர்கள். வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக்கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு ஒப்பந்தம் வகுத்த விதி. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கஷ்டத்தையும் மறைக்கப்போவதில்லை. நைட் டியூட்டி தூக்கத்தைக் கெடுக்கும். நோயாளிகளைத் தூக்கித் திருப்பி முதுகு போன நர்ஸ்கள் நிறைய. சில நாள் ஒரு மரணத்தைப் பார்த்த கையோடு அடுத்த படுக்கைக்குச் சிரித்த முகத்தோடு போக வேண்டும். இதையெல்லாம் மகளிடம் 'சேவை' என்ற ஒரே சொல்லில் மூடிவிடாதீர்கள். பத்து வருடமாவது வார்டில் இருந்த ஒரு நர்சிடம் அவளைத் தனியாகப் பேசவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

கல்லூரி பார்க்கப் போகும்போது மட்டும் இருவரும் சேர்ந்து போங்கள். மேலே நான் எழுதிய கேள்விகளை அவளே கேட்கட்டும். பதில் சொல்கிறவர் கேட்டவளைப் பார்த்துப் பேசுகிறாரா, அல்லது பணம் கட்டப்போகிற உங்களைப் பார்த்தா என்பதைக் கவனித்து எனக்கு எழுதுங்கள்.