வெள்ளரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மாடியில் இரண்டு பைகளில் வெள்ளரி வைத்திருக்கிறேன். கொடி நன்றாக ஓடுகிறது, பூவுக்கும் குறைவில்லை. பிஞ்சு மட்டும் சுண்டுவிரல் அளவில் மஞ்சளாகி உதிர்கிறது. என்ன உரம் போடலாம்?
– வாசகி, பாளையங்கோட்டை

உரம் வேண்டாம். மகரந்தம் சேரவில்லை, அவ்வளவுதான். காலையில் கொடியைப் பாருங்கள். வெறும் காம்பில் கொத்தாக நிற்பது ஆண் பூ. பூவுக்குப் பின்னால் முள்முள்ளாகக் குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண் பூ. முதலில் ஒரு வாரம், பத்து நாள் ஆண் பூ மட்டுமே பூப்பது வழக்கம். பெண் பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும். அன்றைக்குத் தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பிவிடும். ஒன்பது மணிக்குள் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பருத்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பிய காய் வந்தால், அரைகுறையாகத் தடவியிருக்கிறீர்கள்.

தினமும் இதைச் செய்ய நேரமில்லை என்றால் அடுத்த தடவை விதையை மாற்றுங்கள். பசுமைக்குடிலுக்கென்று விற்கிற 'பார்த்தினோகார்ப்பிக்' ரகம் மகரந்தம் இல்லாமலே காய்க்கும். விலை கூடுதல், விதையை எண்ணித்தான் தருவார்கள், அதிலிருந்து மறுவிதையும் எடுக்க முடியாது. தரையில், முருங்கையும் துளசியும் பூத்துத் தேனீ வருகிற வீட்டுக்கு அந்தச் செலவு வீண். அங்கே நாட்டு ரகமோ, ஜப்பானீஸ் லாங் கிரீனோ போதும். ஸ்ட்ரெயிட் எயிட் ரகம் பேருக்கேற்றபடி எட்டு அங்குலம், சாலட்டுக்கு நல்லது. ஐப்பசி மழையில் இலை மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி விழுந்து கருகுகிற இடமாக இருந்தால் பாயின்செட் வையுங்கள். அடிச்சாம்பல் நோயை அது ஓரளவு தாங்கும். ஆனி, ஆடியில் மட்டும் மாடியில் போடாதீர்கள். மேல்காற்று கொடியைப் புரட்டிப் போட்டுவிடும். தை, மாசி விதைப்புதான் நம் பக்கத்துக்கு அருமையான பட்டம்.

வெள்ளரி கசக்கிறது. பக்கத்தில் பாகல் கொடி நிற்பதாலா?
– வாசகர், திசையன்விளை

பாகல் மேல் பழி போடாதீர்கள், அதன் மகரந்தம் வெள்ளரியில் சேரவே சேராது. கசப்பு வெள்ளரிக்குள்ளேயே இருக்கிற குக்குர்பிட்டசின் என்கிற பொருளால் வருவது. வெயிலில் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் அது ஏறும். உங்கள் தேரி மணலில் ஈரம் நிற்காது. குழிக்கு ஒரு கூடை மக்கிய சாணம் போட்டு, தூரைச் சுற்றி மூன்று அங்குலத்துக்கு வாழைச்சருகு மூடாக்கு இடுங்கள். கோடையில் காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் விடுங்கள். காம்புப் பக்கமும் தோலும்தான் அதிகம் கசக்கும். காம்பிலிருந்து இரண்டு விரற்கடை வெட்டித் தள்ளுங்கள். வெட்டிய துண்டைத் தேய்த்து நுரை எடுப்பதால் மீதிக் காயின் கசப்பு இறங்குவதில்லை. எத்தனை தண்ணீர் விட்டும் ஒரே கொடி மட்டும் கசந்தால் அதைப் பிடுங்கிவிடுங்கள். கடுமையாகக் கசக்கும் காயைத் தின்னவும் வேண்டாம், விதைக்கும் வைக்க வேண்டாம்.

வெள்ளரிப்பழத்து விதையைப் போட்டால் பிஞ்சு வெள்ளரி கிடைக்குமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

கிடைக்காது. வெடித்து மாவாக இருக்கும் வெள்ளரிப்பழம் முலாம்பழ இனம், பேர்தான் வெள்ளரி. பழுக்கவிட்டு நாட்டுச்சர்க்கரை போட்டுச் சாப்பிடுங்கள்.

பிஞ்சில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை, பிசின் வடிகிறது, வளைந்து உள்ளே புழு. எந்த மருந்து?
– வாசகர், சேரன்மகாதேவி

பழ ஈ. முட்டை உள்ளே போன பிறகு மேலே அடிக்கிற மருந்து புழுவை எட்டாது. ஒரு லிட்டர் பாட்டிலின் மேல்பாதியில் பென்சில் பருமனில் நாலு ஓட்டை போட்டு, அடியில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, உள்ளே நனைத்த கருவாட்டுத் தூள் ஒரு கரண்டியைத் துணியில் முடிந்து தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும் (நாற்றம் அடிக்கும், சமையலறை ஜன்னல் பக்கம் வேண்டாம்). குத்துப்பட்ட காயை அங்கேயே போட்டால் புழு மண்ணில் இறங்கிக் கூண்டாகி, மறுபடி ஈயாக வரும். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் வையுங்கள், கொடியடி மண்ணையும் கொத்திவிடுங்கள். பிடித்த பிஞ்சுக்கு மூன்றாம் நாளே காகிதப் பை மாட்டுவது இதைவிட நிச்சயம். கந்தகத் தூள் மட்டும் தூவாதீர்கள், வெள்ளரி இலை கருகிவிடும்.