மூன்றாவது இயங்குதளம் ஏன் பிழைக்கவில்லை?

கேள்வி: கைபேசி வாங்கப் போனால் ஆண்ட்ராய்டு, இல்லாவிட்டால் ஐபோன். மைக்ரோசாஃப்டும் நோக்கியாவும் கைகோத்தும் மூன்றாவதாக ஒன்று நிலைக்கவில்லையே, போன் சரியில்லையா?
– வாசகர், காரைக்குடி

பதில்: போன் நன்றாகவே இருந்தது. இதை அடித்துச் சொல்வேன். மைக்ரோசாஃப்டின் 'விண்டோஸ் போன்' இயங்குதளத்தில் ஓடிய நோக்கியா போன், 2013-இல் வந்த லூமியா 520-ஐ நான் வைத்திருந்தேன். ரேம் வெறும் 512 எம்.பி. அந்த விலையில் கிடைத்த பல ஆண்ட்ராய்டு போன்கள் ஓர் எண்ணைத் தேடி எடுப்பதற்குள் திணறிய காலம் அது. இதிலோ விரல் பட்டதும் திரை வழுக்கிக்கொண்டு ஓடும். முகப்பில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள். எத்தனை மின்னஞ்சல் வந்திருக்கிறது, அடுத்த வேலை என்ன என்பதெல்லாம் எதையும் திறக்காமலே தெரியும்.

தோற்றது செயலிகளில். பயன்படுத்துவோர் குறைவு என்று செயலி எழுதுகிறவர்கள் வரவில்லை. செயலி இல்லை என்று மக்கள் வரவில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க மைக்ரோசாஃப்டின் பணபலமும் போதவில்லை. முழுமையான யூடியூப் செயலியைக் கூகுள் செய்து தரவில்லை. 2013-இல் மைக்ரோசாஃப்ட் தானே ஒன்றைச் செய்து வெளியிட்டது. கூகுள் அதை முடக்கியது. வணிகத்தில் இதெல்லாம் சகஜம் என்பார்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. காசு கொடுத்துப் போன் வாங்கியவர்தானே அடிபட்டார்?

மைக்ரோசாஃப்ட் செய்த தவறுகளும் சிறியவையல்ல. கூகுள் ஆண்ட்ராய்டை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்க, இவர்கள் 2014 வரை போன் நிறுவனங்களிடம் உரிமக் கட்டணம் வசூலித்தார்கள். அதைவிடக் கொடுமை, 2012-இல் விண்டோஸ் போன் 8 வந்தபோது பழைய 7-ஐ வாங்கியவர்களுக்கு அது கிடையாது என்று கைவிரித்தது. முதலில் நம்பி வந்தவர்களையே நடுத்தெருவில் விட்டால் அடுத்தவர் எப்படி வருவார்?

நோக்கியாவின் கைபேசிப் பிரிவை 2014 ஏப்ரலில் வாங்கி முடித்தார்கள். மறு ஆண்டே 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். 2019 டிசம்பரோடு வாட்ஸ்அப்பும் விண்டோஸ் போனிலிருந்து விலகிக்கொண்டது.

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டதும் இதனால்தானா?
– வாசகி, திருவள்ளூர்

பதில்: பாதிக் காரணம்தான் இது. வரி வழக்கில் சிக்கியதால் ஆலை மைக்ரோசாஃப்ட் கைக்கு மாறவில்லை. அவர்களுக்குப் போன் செய்து கொடுக்கும் ஒப்பந்தம் மட்டும் சில மாதங்கள் ஓடியது. அதுவும் முடிந்து, 2006-இல் திறந்த ஆலையில் 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறியிருந்தார்கள். பலருக்கு இருபதுகளில்தான் வயது. அந்த வயதில் யார் விரும்பி ஓய்வு பெறுவார்கள்?

பின்னாளில் ஆலையை எடுத்துக்கொண்டது, ஆப்பிளுக்குச் சார்ஜர் செய்து கொடுக்கும் சால்காம்ப். இப்படிக் கைமாறும்போதெல்லாம் பழைய தொழிலாளர்களுக்கே முதல் வாய்ப்பு என்று அரசு நிபந்தனை விதிக்க வேண்டும்.