கட்டத்துக்கு முன் நிற்பவர்

வணக்கம். ஐரோப்பிய ஓவியர்கள் கீழைநாட்டு மக்களைக் கற்பனை கலந்து வரைந்தார்கள் என்பது சரி. ஆனால் கட்டமிட்ட பின்புலத்தில் ஆளை நிறுத்தி எடுத்த 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களையும் நீங்கள் அதே கணக்கில் சேர்க்கிறீர்கள். கேமராவும் அளவுகோலும் எப்படிப் பொய் சொல்லும்?
ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

அளவிலிருந்தே தொடங்கலாம். அந்தக் கட்டம், பல இனத்தாரின் உடலை அளந்து ஒப்பிட ஜான் லாம்ப்ரி என்ற ஆங்கிலேயர் 1869இல் முன்வைத்த முறை. 7 அடிக்கு 3 அடியில் ஒரு மரச்சட்டம். உட்புறம் 2 அங்குலத்துக்கு ஒரு சிறு ஆணி. ஆணிக்கு ஆணி குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய பட்டு நூல். ஆளை ஆடையின்றி அதன் முன் நிறுத்தி, நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். மலாய்க்காரர் ஒருவரை இப்படி எடுத்த படம் பிரபலமானது. நீங்கள் பார்த்ததும் அதுவாக இருக்கலாம்.

நூல் ஆளுக்குப் பின்னால் இருக்கிறது, கவனியுங்கள். கேமராவிலிருந்து ஆள் 10 அடி, சட்டம் 11 அடி என்று வைத்துக்கொள்வோம். 5 அடி உயரமுள்ளவர் கட்டத்தில் ஐந்தரை அடியை மறைப்பார். கட்டத்தை எண்ணி உயரம் சொன்னால் அரை அடி பிசகும். கேமராவுக்கு நீட்டிய கை இன்னும் பெரிதாக விழும். இரண்டு தூரமும் குறிக்கப்படாத படத்தில் இதைத் திருத்த வழியே இல்லை.

சரி, தூரத்தைக் குறித்துவிட்டார்கள் என்றே இருக்கட்டும். யாரை நிறுத்தினார்கள்? அதே 1869இல் பிரிட்டிஷ் அரசின் காலனிய அலுவலகத்துக்காக உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி ஒரு வரைமுறை எழுதிக் கொடுத்தார்: முழு நிர்வாணம், கணுக்கால்கள் ஒட்டியிருக்க வேண்டும், வலக்கை பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கை கேமராவைப் பார்க்க, அருகில் அளவுகோல். ஊரில் எவர் இதற்குச் சம்மதிப்பார்? கைதியால் மறுக்க முடியாது. கேப் டவுனில் பிரேக்வாட்டர் சிறையில் இருந்தவர்களைத்தான் எடுத்தார்கள். கைதியின் உடல், முகத்தின் விறைப்போடு சேர்த்து, ஓர் இனத்தின் மாதிரியாகப் பதிவானது.

இந்தியாவில் இவ்வளவு மெனக்கெடவும் இல்லை. 1868 முதல் 1875 வரை 8 தொகுதிகளாக லண்டனில் வெளியான 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா'வில் படத்தோடு குணமும் எழுதியிருக்கும்: இவர்கள் விசுவாசிகள், இவர்கள் திருட்டுப் பரம்பரை என்று. 1857 கிளர்ச்சியைப் பார்த்த அரசுக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. விசுவாசம் எந்த லென்ஸில் விழும் என்று கேட்காதீர்கள். படம் பக்கத்தில் இருந்ததால் எழுத்தையும் நம்பினார்கள்.

பின்னாளில் அலிகார் கல்லூரியை நிறுவிய சையது அகமது கான் 1869இல் லண்டன் சென்றபோது, இந்திய ஆட்சியைக் கவனித்த இந்தியா அலுவலகத்தில் மகன்களோடு இந்த நூலைப் பார்த்தார். எங்களை விலங்குக்குச் சமமாகக் காட்டியிருக்கிறது என்ற பொருளில் ஊருக்கு எழுதினார். இந்தியாவுக்குப் பணிக்குக் கிளம்பும் இளம் ஆங்கிலேயர்கள் அங்கே இதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒருவர் வந்து, மகன் மஹ்மூதிடம் நீங்கள் இந்துஸ்தானியா என்று கேட்டார். ஆமாம் என்ற மஹ்மூதுக்கு முகம் சிவந்துவிட்டது. தான் அந்த மண்ணின் பூர்வகுடி அல்ல, தன் முன்னோர் வேறு தேசத்திலிருந்து வந்தவர்கள் என்று அவசரமாகச் சேர்த்துச் சொன்னார்.