த்ராட்டில் பாடியில் படிந்த கரியை நாமே துடைக்கலாமா?

மாட்டுத்தாவணி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கார் உதறி அணைகிறது, த்ராட்டில் பாடியில் கரி என்கிறார் மெக்கானிக், நானே துடைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். துடைக்கலாம், அவசரம்தான் ஆகாது.

இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு வட்டத் தகட்டால் கூட்டிக் குறைக்கும் பகுதிதான் த்ராட்டில் பாடி. இன்ஜினுக்குள்ளிருந்து திரும்பிவரும் எண்ணெய் ஆவிதான் பெரும்பாலும் அந்தக் கரி. அந்தத் தகட்டின் விளிம்பில் பிசினாக ஒட்டி, ஐடிலிங்குக்கு, அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுவதற்கு, வேண்டிய காற்றை மறிக்கிறது.

முதலில் இன்ஜின் நன்றாக ஆறட்டும். மதுரை வெயிலில் அதற்கே பொறுமை வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் காற்றுக்குழாயை எடுங்கள். த்ராட்டில் பாடிக்கென்றே விற்கும் கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். நேரே பீய்ச்சினால் சென்சார், மோட்டார் பக்கம் இறங்கிவிடும். என் காரில் வெள்ளை பனியன் துணி நான்கே தேய்ப்பில் தார் பூசியதுபோல் ஆனது. விளிம்புக்குப் பழைய பல்துலக்கி போதும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். தகட்டை மோட்டார் திருப்பும் எலக்ட்ரானிக் வகையென்றால் தகட்டை விரலால் நெம்பாதீர்கள், உள்ளே பல்சக்கரம் உடையலாம். பேட்டரியைக் கழற்றாமல் சாவி போட்டிருந்தால் விரலே நசுங்கும்.

கிளீனர் சட்டென்று தீப்பற்றும். திறந்த வெளியில் செய்யுங்கள். வேடிக்கை பார்க்க வரும் பீடிக்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

மாட்டிய பிறகு ஐடிலிங் சற்று ஏறியிருந்தால் பயம் வேண்டாம். சில வண்டிகளுக்கு மட்டும் வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் வைத்துச் சரிசெய்ய வேண்டிவரும்.