மானாவாரி நிலத்தில் மண் பரிசோதனையும் உரமும்: கேள்வி-பதில்

ஒரே வயலில் இரண்டு முறை மண் எடுத்துக் கொடுத்தேன். முடிவுகள் ஒத்துப்போகவே இல்லை. ஆய்வகத்தை நம்பலாமா?

பெரும்பாலும் தவறு மண் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. காய்ந்து கிடக்கும் மானாவாரி நிலத்தில் மேல்மண் பொலபொலவென்று குழிக்குள் சரியும். அங்ககப் பொருளும் (மட்கிய இலைதழை, எரு) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மேல்மண்ணில்தான் அதிகம் என்பதால், சரிந்த மண்ணை அள்ளிப் போட்டால் இல்லாத சத்து இருப்பதாக முடிவு வரும்.

சருகு, கட்டிகளை ஒதுக்கிவிட்டு ஆங்கில 'வி' எழுத்து வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். உள்ளே சரிந்த மண்ணை வெளியே தள்ளுங்கள். பிறகு குழியின் ஒரு பக்கச் சுவரில் மேலிருந்து அடிவரை 2 முதல் 3 செ.மீ. கனத்துக்குச் சீராகச் சீவி எடுங்கள். துத்தநாகம், இரும்பு போன்ற நுண்ணூட்டங்களையும் பார்க்கப் போகிறீர்கள் என்றால், மண்வெட்டி பட்ட பகுதியை மூங்கில் சிம்பால் (பிளந்த மூங்கில் பட்டை) சுரண்டி நீக்கிவிட்டு, சிம்பாலேயே சீவ வேண்டும்.

வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களில் எடுங்கள். வரப்பு ஓரம், மரநிழல், எருக்குப்பை கிடந்த இடம் ஆகியவை வேண்டாம். மேட்டு மண்ணும் பள்ளத்து மண்ணும் நிறத்திலேயே வேறாகத் தெரிந்தால் தனித்தனி மாதிரி. ஒரு மாதிரிக்கான மண் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகள் இரண்டைக் கழியுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்துங்கள். பழைய உரச்சாக்கில் மட்டும் கட்டிக் கொடுக்காதீர்கள். அறுவடை முடிந்து, அடுத்த உரம் போடுவதற்கு முன்பு எடுப்பதே சரியான சமயம்.

கரிசல் நிலம், மானாவாரிச் சோளம். ஹெக்டேருக்குத் தழை 190, மணி 9, சாம்பல் 410 கிலோ என்று அறிக்கை வந்திருக்கிறது. ஏக்கருக்கு என்ன போடுவது?

தழைச்சத்து (நைட்ரஜன்) 280-க்குக் கீழ் இருப்பதால் குறைவு. மணிச்சத்து 11-க்குக் கீழ், அதுவும் குறைவு. சாம்பல் சத்து (பொட்டாசியம்) 280-ஐத் தாண்டிவிட்டது, தாராளம். (அறிக்கையில் பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருந்தால் 2.24-ஆல் பெருக்கிய பிறகு ஒப்பிடுங்கள்.)

மானாவாரிச் சோளத்துக்கு ஹெக்டேருக்கு 40 கிலோ தழை, 20 கிலோ மணி என்பது பொதுப் பரிந்துரை. குறைவாக உள்ள சத்தை 25 சதவீதம் கூட்டினால் 50, 25 ஆகும். ஏக்கர் கணக்கில் 20 கிலோ தழை, 10 கிலோ மணி.

10 கிலோ மணிச்சத்துக்கு 22 கிலோ டி.ஏ.பி. (தழை, மணி இரண்டும் உள்ள உரம்) தேவை. அதிலேயே 4 கிலோ தழைச்சத்து வந்துவிடும். மீதி 16 கிலோவுக்கு யூரியா 35 கிலோ. இதில் 13 கிலோவை டி.ஏ.பி.யோடு அடியுரமாகவும், 22 கிலோவை மேலுரமாகவும் பிரித்துக்கொள்ளுங்கள். மேலுரம் மழையைப் பொறுத்தது. மழை இல்லையென்றால் அந்த 22 கிலோ சாக்கிலேயே இருக்கட்டும். பொட்டாஷ் (சாம்பல் சத்து உரம்) இந்த நிலத்துக்குத் தேவையில்லை, தைரியமாக விட்டுவிடலாம்.

டி.ஏ.பி.க்குப் பதில் சூப்பர் பாஸ்பேட் என்றால் ஏக்கருக்கு 62 கிலோ ஆகும். சுமை அதிகம்தான், ஆனால் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் கூடவே கிடைக்கும். அந்த 62 கிலோவை 300 கிலோ பொடித்த தொழுவுரத்தோடு கலந்து, லேசாக ஈரமாக்கி, ஒரு மாதம் மூடிவைத்து ஊட்டமேற்றிய தொழுவுரமாகப் போடுவது இன்னும் நல்லது. கரிசலில் கால்சியம் மணிச்சத்தைப் பிடித்து முடக்குவது இதனால் குறையும்.

விதையையும் உரத்தையும் ஒன்றாகக் கலந்து விதைத்தோம். சாலில் இடைவெளி விழுந்திருக்கிறது. விதை சரியில்லையா?

இடைவெளி விழுந்த இடத்தில் தோண்டிப் பாருங்கள். விதை போட்டபடியே காய்ந்து கிடந்தால் ஈரம் போதவில்லை. ஊறிப் பருத்து, முளைவேரின் நுனி பழுப்பாகக் கருகியிருந்தால் அது உரத்தின் வேலை. குறைந்த ஈரத்தில் உரம் கரையும்போது உப்புக் கரைசல் அடர்த்தியாகி விதையிலிருந்து நீரை இழுக்கும். யூரியா கலந்திருந்தால் அம்மோனியாவும் சேர்ந்து முளையைச் சுடும். விதைக்கு 5 செ.மீ. பக்கவாட்டில், 5 செ.மீ. கீழே உரம் விழும்படி தனிக்குழாய் உள்ள விதைப்புக் கருவியே பாதுகாப்பானது. வேர் ஈரத்தைத் தேடி இறங்குகையில் உரமும் வழியில் கிடைத்துவிடும்.

களையெடுத்தாயிற்று, மழை இல்லை. யூரியாவைத் தூவிவிட்டுக் காத்திருக்கலாமா?

வேண்டாம். காரத்தன்மையுள்ள மண்ணின் மேல் கிடக்கும் யூரியா, காலைப் பனி ஈரம் பட்டாலே அம்மோனியாவாகிக் காற்றில் போகத் தொடங்கும். நல்ல மழை பெய்து மண் நனைந்த பிறகு, வரிசைக்கு அருகே கோடு கிழித்துப் போட்டு மூடுங்கள்.

நிலக்கடலையில் செடி செழிப்பாக இருக்கிறது, காயில் பாதி பொக்கு (பருப்பில்லாத கூடு). இன்னும் டி.ஏ.பி. போடவா?

குறைவது பெரும்பாலும் கால்சியம். இலைக்குப் போன கால்சியம் காய்க்குத் திரும்பி வராது. மண்ணுக்குள் இறங்கிய விழுதும் (பூவிலிருந்து கீழே இறங்கிக் காயாகும் காம்பு) வளரும் காயும் தம்மைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேரடியாக அதை எடுத்துக்கொள்கின்றன. ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை, மானாவாரியில் 40-ஆம் நாளிலிருந்து மண்ணில் ஈரம் கிடைக்கும் சமயம் பார்த்து, செடியின் அடியில் இட்டு மண் அணையுங்கள். விழுதுகள் இறங்கிய பிறகு கொத்தினால் அவை அறுந்துபோகும் என்பதால் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். காய் பிடிக்கும் மேல்மண்ணில் பொட்டாஷை அள்ளிப் போடுவதும் பொக்குக்கு ஒரு காரணம், அது கால்சியத்தோடு போட்டி போடும்.

துத்தநாக சல்பேட்டை டி.ஏ.பி.யோடு கலந்து போடலாமா?

கூடாது. இரண்டும் சேர்ந்தால் எளிதில் கரையாத துத்தநாக பாஸ்பேட் ஆகிவிடும். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து தனியாகத் தூவுங்கள்.

உளுந்துக்கு டி.ஏ.பி. தெளிப்பு எப்படி?

2 சதவீதக் கரைசல். 200 லிட்டருக்கு 4 கிலோ. முதல் நாளே 10 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் வடிகட்டி மீதித் தண்ணீரோடு சேருங்கள். அடியில் தங்கும் வண்டலை ஊற்றினால் தெளிப்பானின் முனை அடைத்துக்கொள்ளும். பூக்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து ஒரு முறை, மாலை வேளையில் தெளியுங்கள். செடி வாடி நிற்கும் நாளில் தெளித்தால் இலை கருகும்.