புளோரன்ஸ் நகரில் இடைக்கால வீடு ஒன்றை உள்ளே சென்று பார்க்க முடியுமா?

முடியும். போர்தா ரோஸா தெருவிலுள்ள பலாட்ஸோ தவன்ஸாத்தியைப் பாருங்கள். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் தவிட்ஸி என்னும் வணிகக் குடும்பம் கட்டி, 1578இல் தவன்ஸாத்தி குடும்பத்தார் வாங்கிய இவ்வீடு, 1956 முதல் அரசு அருங்காட்சியகமாக இருந்து வருகிறது. கிணற்று நீரை அந்தந்தத் தளத்திலிருந்தே வாளியால் இறைத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும், புகையும் வெக்கையும் மற்ற அறைகளை எட்டாதபடி உச்சித் தளத்தில் வைத்த சமையலறையையும் நிதானமாகக் கவனியுங்கள். கிளி அறையின் சுவர்களில், கிளிகள் நிறைந்த திரைச்சீலை தொங்குவதுபோலவே தீட்டியிருக்கிறார்கள். எனக்கு வீட்டிலேயே பிடித்த இடம் அதுதான். அறைகலன்கள் மட்டும் (ஏமாந்துவிட வேண்டாம்) பெரும்பாலும் பிற்காலத்தில் வெளியிலிருந்து திரட்டப்பட்டவை. மேல்தளங்களுக்குக் குறித்த நேரத்தில் குழுவாகவே அழைத்துச் செல்வது வழக்கமாதலால், முன்பதிவு செய்துகொள்வது நல்லது.